இரண்டு சித்திரை சும்மா கிடந்த மிருதங்கம்... செஞ்சிச் சீமைக்குத் திரும்பிய கூத்து வண்டி!

ஊர் ஊராகப் போய் ராத்திரியெல்லாம் பாடி ஆடி, விடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு வண்டி ஏறும் குழு என்றால், பலருக்கும் கிடார் மாட்டிய ராக் பேண்டுதான் நினைவுக்கு வரும். செஞ்சிப் பக்கம் அப்படி ஒரு குழுவைப் பார்க்க, மாசி, பங்குனி பிறந்ததும் ஒரு பிற்பகலில் ரோட்டோரம் நின்றால் போதும். தகரப் பெட்டிகள் அடுக்கிய குட்டியானை ஒன்று கடந்து போகும். பெட்டிக்குள் கட்டை கிரீடமும் புஜக்கீர்த்தியும் மார்புப் பதக்கமும் பழைய வேட்டிக்குள் சுற்றிப் பத்திரமாக இருக்கும். பெட்டி மேல் ஆர்மோனியம், அதன் மேல் ஒருவர் கை. முன் சீட்டில் வாத்தியார். மற்றவர்கள் பஸ்ஸிலும் பைக்கிலும் பின்னால் வருவார்கள். இதுதான் தெருக்கூத்து ஜமா. இவர்களும் ஒரு பேண்டுதான். என்ன, பாடகரே அர்ச்சுனன், அவரே நடனக்காரர், சில சமயம் அவரே மேக்கப் மேனும்கூட.

தை, மாசியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் இவர்களுக்கு சீசன். அதிலும் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதம்தான் சோறு போடும் மாதங்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பது பெரும்பாலும் அப்போதுதான். ஐப்பசி மழை தொடங்கினால் வேஷம் பெட்டிக்குள் போய்விடும். பிறகு ஏர், களை, கட்டட வேலை என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவார்கள்.

இப்போது 2020-ஐ நினைத்துப் பாருங்கள். நாடு முழுக்க ஊரடங்கு அறிவிக்கப்பட்டது மார்ச் 24-ம் தேதி. தமிழ்க் கணக்கில் பங்குனி நடுப்பகுதி. தாம்பூலம் மாற்றி முன்பணம் வாங்கி, எந்த ஊருக்கு எந்த ராத்திரி என்று டைரியில் எழுதி முடித்திருக்கும் நேரம். ஒரே அறிவிப்பில் டைரி வெற்றுத்தாளாகிவிட்டது. அடுத்த வருஷமாவது பார்க்கலாம் என்று இருந்தால், 2021 ஏப்ரலில் கோயில் திருவிழாக்களுக்கு மறுபடியும் தடை. மே மாதம் முழு ஊரடங்கு. ஆக, கையில் காசு வரும் மூன்று மாதமும் அடுத்தடுத்து இரண்டு வருஷம் அப்படியே போனது.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிந்தவர்களுக்கு அரசு ஒரு சிறு தொகை கொடுத்தது. பதியாதவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால், அந்தக் காலத்தில் இந்த ஜமாக்களைக் கூடுதலாக உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. வட மாவட்டங்களில் வீட்டில் பெரியவர் இறந்தால் கருமாதியன்று ‘கர்ண மோட்சம்’ கூத்து வைப்பது வழக்கம். கர்ணன் மோட்சம் போவதைப் பார்த்து, நம் வீட்டு ஆத்மாவும் கரையேறும் என்று நம்பி அழுவார்கள். ஊர் ஊராகச் சாவு விழுந்த அந்த இரண்டு வருஷத்தில், கூட்டம் கூடக் கூடாது என்பதால், கர்ணன் வேஷம் கட்ட ஆள் இருந்தும் ஆட வழியில்லை. எத்தனையோ வீடுகள் அந்த அழுகையை அழாமலே விட்டன.

2022-ல் கட்டுப்பாடுகள் தளர்ந்து, அந்தப் பங்குனியில் பெட்டிகள் திறந்தன. கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் உதிர்ந்திருந்தால் மறுபடி ஒட்ட வேண்டும். மிருதங்கத்துத் தோல் மாற்ற வேண்டும். குரல்? தினமும் ராத்திரி எட்டு மணிநேரம் மைக்கோடும், மைக் மக்கர் பண்ணினால் மைக் இல்லாமலும் பாடும் குரல் அது. இரண்டு வருஷம் ஓய்ந்த தொண்டையை முதல் ராத்திரியே ஆறு கட்டையில் ஏற்றுவது விளையாட்டுக் காரியமில்லை. காலில் சலங்கை கட்டிக் கிறிக்கி அடிக்கும் முழங்காலுக்கும் இதே கதைதான்.

நாடகம் எழுதிய ராஜா குடைந்த மலை

அந்தப் பயணத்துக்கு விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டை எடுத்துக்கொள்வோம். சுமார் 40 கிலோமீட்டர். பாதி வழியில் மண்டகப்பட்டு வரும். பெரும்பாலான கார்கள் நிற்காமல் போய்விடும் ஊர். ஆனால், தமிழ்நாட்டுக் கோயில் கட்டடக்கலையின் முதல் பக்கங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இவை எதுவுமே இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் ஒரு கோயில் எடுத்தேன் என்று முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் இந்தக் குகையில் வெட்டி வைத்திருக்கிறான். காலம் 7-ம் நூற்றாண்டின் தொடக்கம். அதே மகேந்திரன்தான் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகத்தை சமஸ்கிருதத்தில் எழுதியவன். குடிகாரச் சாமியார்களைக் கிண்டலடிக்கும் நாடகம். கூத்து வண்டி அந்தக் குகையைத் தாண்டிப் போகும்போது, கட்டியக்காரன் வேஷக்காரர் ஒரு கும்பிடு போட்டால் தப்பில்லை. ரெண்டு பேருக்கும் தொழில் ஒன்றுதான்.

அதைத் தாண்டினால் மலைகள் தொடங்கும். செஞ்சி மலையை மற்ற மலைகளோடு சேர்க்க முடியாது. யாரோ லாரி லாரியாக உருண்டைப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்க மறந்து போனதுபோல இருக்கும். வெயில் ஏறினால் பாறையெல்லாம் அடுப்புக் கல்லாகிவிடும். அந்தப் பாறைகளுக்கு நடுவே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் கோத்துக் கட்டிய மதில் சுமார் 13 கிலோமீட்டர் ஓடுகிறது. உள்ளே கல்யாண மகால், குதிரை லாயம், நெற்களஞ்சியம், ஆனைக்குளம், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லாகான் பள்ளிவாசல். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் அழகான கல்தூண்களைப் பார்த்திருப்பீர்களே, அவையும் செஞ்சியிலிருந்து போனவைதான்.

சோழர் காலத்துக்குப் பின் கோன் வம்சம், விஜயநகரம், நாயக்கர்கள், 1649-ல் பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சு, 1761-ல் ஆங்கிலேயர் என்று இந்தக் கோட்டை கை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர்கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கி, கோட்டையைப் பிடித்தது 1698-ல். எட்டு வருஷம்! சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருந்து தாக்குப்பிடித்து, கடைசியில் தப்பியும் போனார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில். மீதி ஒன்று செஞ்சி.

ராஜகிரி ஏற நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகலுக்கு மேல் மேலே விடமாட்டார்கள். விட்டாலும் வெயில் விடாது. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். நடுவில் சின்னப் பாலம். கீழே எட்டிப் பார்த்தால் எட்டு வருஷ முற்றுகை ஏன் என்று புரிந்துவிடும். தண்ணீர் பாட்டில் அவசியம். அதைப் பைக்குள் வைப்பது அதைவிட அவசியம், குரங்குகள் பொல்லாதவை.

ஒரு நாள் சண்டை, முந்நூறு வருஷப் பாட்டு

இத்தனை வம்சம் ஆண்ட ஊரில், செஞ்சி என்றதும் ஜனங்களுக்கு நினைவில் நிற்பவன் ஒருவன்தான். ராஜா தேசிங்கு. உண்மைப் பெயர் தேஜ் சிங். மொகலாயர்கள் இங்கே கோட்டைத் தலைவராக வைத்த புந்தேல ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன். 1714-ல் அப்பா இறந்ததும் பதவிக்கு வந்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பம் கேட்டார். பையன் மறுத்தான். நவாப்பின் படை வந்தது. 1714 அக்டோபர் 3-ம் தேதி, ஒரே நாள் சண்டையில், 22 வயதில் தேசிங்கு இறந்துபோனான். கோட்டையில் அவன் ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை.

எட்டு வருஷம் தாங்கிய ராஜாராமுக்குத் தமிழில் பாட்டு இல்லை. ஒரு நாள் சண்டை போட்ட பையனுக்கு முந்நூறு வருஷமாகப் பாட்டு. காரணம் சண்டை மட்டுமில்லை, நண்பன். கதைப்பாடலில் தேசிங்கின் தோழன் மோவுத்துக்காரன், அதாவது மகபத்கான். கல்யாணப் பந்தலில் இருந்தவன், நண்பனுக்கு ஆபத்து என்று ஓலை வந்ததும் மாலையோடு எழுந்து குதிரை ஏறினான் என்கிறது கதை. இரண்டு பேரும் திரும்பவில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் நீலாம்பூண்டியில் அவன் சமாதியை இன்றும் காட்டுகிறார்கள். உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவி நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஒரு பேச்சும் உண்டு. பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சில் ஏறி, சந்தையில் விற்று, திண்ணையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்ட கதை இது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகவும் வந்தது. ஊர்விட்டு ஊர் பாடிப் போனவர்கள் இல்லையென்றால், வடக்கிலிருந்து வந்த ஒரு கோட்டைத் தலைவரின் மகனை விழுப்புரத்துக் கிழவிகள் தங்கள் வீட்டுப் பிள்ளைபோல நினைத்து அழுதிருக்க மாட்டார்கள்.

திரௌபதி பிறந்த ஊர்

பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரி, கோட்டைக்கு வடமேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே இருக்கும் திரௌபதி அம்மன் கோயில்தான் எல்லா திரௌபதி கோயில்களுக்கும் ஆதி என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. பாரதப் போர் முடிந்த பிறகு, நூறு தலை அசுரனிடமிருந்து செஞ்சி அரசனைக் காக்க அம்மன் இங்கே மறுபடி தோன்றினாளாம். அவளுக்குக் காவல் போத்துராஜா. கூடவே இன்னொரு காவல்காரர், முத்தால் ராவுத்தர். ஆமாம், முஸ்லிம் பெயர்தான். திரௌபதி கோயில்களின் வாசலில் ராவுத்தருக்கும் ஓரிடம் உண்டு. தேசிங்குக்கு ஒரு மகபத்கான், அம்மனுக்கு ஒரு ராவுத்தர். இந்த மண்ணுக்கு அது பழக்கமான ஜோடி.

அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபீட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தின் தலைப்பிலேயே ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்று வருகிறது. இங்கிருந்து கிளம்பிய அம்மன் கடலும் தாண்டியிருக்கிறாள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்கு முன்பு நடக்கும் தீமிதி திரௌபதிக்காகத்தான். இலங்கையில் உடப்பிலும் அவளுக்குத் தீமிதி உண்டு.

எல்லாம் இனிப்பாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இதே விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் போகக் கூடாது என்ற தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே சென்று சாமி கும்பிட்டார்கள். சபையில் இழுத்து வந்து அவமானப்படுத்தப்பட்ட ஒருத்திக்குக் கட்டிய கோயிலில் இது.

விடிய விடிய

ஜமா ஊருக்குள் வந்து இறங்கும்போது பகல் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பிரசங்கியார் வில்லி பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்லிக்கொண்டிருப்பார். முன்னால் பாட்டிகள், வேப்பமர நிழலில் நாய். அவர் பகலில் சொன்னதைத்தான் ராத்திரி இவர்கள் ஆடிக் காட்ட வேண்டும். பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊர் வசதிக்கு ஏற்ப இது போகும்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஓலைத் தடுப்புக்குப் பின்னால் வேஷம் தொடங்கும். முகத்தில் அரிதாரம் பூசுவதை அவரவரே கண்ணாடி பார்த்துச் செய்துகொள்வார்கள். பெரிய வேஷத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் வெளியே களரி கட்டிவிடுவார்கள்: மிருதங்கம், டோலக்கு, ஆர்மோனியம், முகவீணை, தாளம் எல்லாம் சேர்ந்து ஒரே முழக்கம். ‘கூத்து ஆரம்பிச்சாச்சு, பாயை எடுத்துக்கிட்டு வாங்க’ என்று பக்கத்து ஊர் வரைக்கும் சொல்லும் சத்தம் அது. 2022-ல் அந்த முதல் முழக்கம் கேட்டபோது, இரண்டு வருஷம் வெறுமனே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுப் பழகிய ராத்திரிகள் அவை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருவான் கட்டியக்காரன். கோமாளி, அறிவிப்பாளர், ராஜாவுக்கு வேலைக்காரன், ஜனங்களுக்கு வக்கீல். பஞ்சாயத்துத் தெருவிளக்கு எரியாததிலிருந்து நேற்று வந்த சினிமா வரைக்கும் எதையும் இழுப்பான். பிறகு திரை பிடிப்பார்கள். இரண்டு பேர் பிடித்த துணிக்குப் பின்னால் துரியோதனன் நின்று பாடுவான். முதலில் கிரீடத்தின் உச்சி, பிறகு கால் சலங்கை, கடைசியில்தான் முகம். எந்த சினிமா ஹீரோவின் இன்ட்ரோவுக்கும் இது குறைந்ததில்லை. சொல்லப்போனால் சினிமாவே இங்கிருந்து கடன் வாங்கியிருக்கலாம்.

‘பகடைத் துகில்’ ராத்திரிதான் எல்லாருக்கும் நெஞ்சு அடைக்கும் ராத்திரி. சூதாட்டத்தில் தருமன் தோற்று, துச்சாதனன் திரௌபதியின் சேலையில் கை வைக்கும் இடம். அதுவரை கதை. அந்த நொடியிலிருந்து அது கதை இல்லை. ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். திரௌபதி வேஷத்தில் நிற்பது மீசை மழித்த ஓர் ஆண் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பெண்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். ‘கோவிந்தா’ என்று கூட்டம் கத்தும். துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடும் முன் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். அந்த வேகத்தில் மயங்கி விழுவதும் நடக்கும்.

பெண் வேஷத்தை ஆண்களே கட்டுவது இன்றும் பெருவழக்கு என்றாலும், அதிலும் ஓர் அசைவு வந்திருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் சிறுமிகளுக்கும் பயிற்சி கொடுத்து, அரசர் வேஷம் கட்டும் பெண்களை உருவாக்கியது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையிடமிருந்து ந.முத்துசாமியின் கூத்துப்பட்டறை கற்றுக்கொண்டு, நவீன நாடகத்துக்கே ஒரு புது நடை பிறந்தது. சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கிடாரையும் கானாவையும் பறையையும் ஒன்றாக நிறுத்தியபோது நகரம் ஆச்சரியப்பட்டது. கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மேடையில் நின்று ஊர் அநியாயத்தைப் பாடுவது அவ்வளவு புதிதாக இருந்திருக்காது.

நான்கு மணி வாக்கில் பாதிக் கூட்டம் தூங்கிவிடும். பாட்டி மடியில் பேரன், பேரன் கையில் பாதி பாப்கார்ன். ஆடுகிறவர்கள் தூங்க முடியாது. அவர்களுக்கு டீயும் ஒரு பீடியும்தான் துணை. முன்வரிசையில் செல்போன்கள் மட்டும் விழித்திருக்கும். ராத்திரி முழுக்கக் கூத்தை யூடியூபில் ஏற்றும் இளைஞர்கள் இப்போது ஏராளம். அதைத் துபாயில் இருந்தும் சென்னைக் கட்டட ஷெட்டில் இருந்தும் பார்க்கும் ஊர்க்காரர்கள் உண்டு. எல்லா வருஷமும் கூத்துக்கே பணம் ஒதுக்கும் ஊர்கள் குறைந்து, ‘இந்தத் தடவை ஆர்கெஸ்ட்ரா வைக்கலாமே’ என்று விழாக் குழுவில் இளவட்டம் கேட்கும் ஊர்கள் கூடியிருப்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவேதான் ஜமாக்களின் டைரி இப்போது நிரம்புகிறது. 15 பேர் வரை பங்கு பிரிக்க வேண்டிய பணம், வண்டி வாடகை போகத்தான். இரண்டு சீசன் வட்டி அதற்கும் முன்னால் நிற்கும். பெரியவர்களுக்கு மகன் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்றும் ஆசை, வரக் கூடாது என்றும் ஆசை.

கடைசி நாள் காலை படுகளம். கோயிலுக்கு முன்னால் வெட்டவெளியில் ஈரமண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துச் செய்திருப்பார்கள். ஆளைவிடப் பல மடங்கு பெரிய உருவம். திறந்த கண், முறுக்கிய மீசை. ராத்திரி முழுக்க ஆடிய களைப்போடு பீமனும் துரியோதனனும் அந்த மண் மேலேயே ஓடிச் சண்டை போடுவார்கள். தொடை பிளக்கும். சிவப்புச் சாயம் வழியும். விரித்த கூந்தலோடு வரும் திரௌபதி அங்கேதான் கூந்தலை முடிப்பாள். அதற்காகவே காத்திருந்த பெண்கள் குலவை போடுவார்கள். கூட்டம் கலையும்போது அந்த மண்ணை ஆளுக்கொரு பிடி எடுத்துப் போவார்கள், வயலில் தூவ, பிள்ளை நெற்றியில் வைக்க.

சாயங்காலம் தீமிதி. அதுவரை ஜமா காத்திருக்காது. தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தை வழித்துவிட்டு, குளத்தங்கரையில் முகம் கழுவுவார்கள். துரியோதனன் லுங்கிக்கு மாறியிருப்பார். பெட்டிகள் குட்டியானையில் ஏறும். திரௌபதி ஓரமாக நின்று வீட்டுக்கு போன் பேசிக்கொண்டிருப்பார். மேல்மலையனூர்ப் பக்கம் ஓர் ஊரில் இன்று ராத்திரி அர்ச்சுனன் தபசு. ஏறுவதற்கு உயரமான மரம் நட்டாயிற்றா என்று வாத்தியார் விசாரித்துக்கொண்டே முன் சீட்டில் உட்காருவார்.